மறுஇணைப்பியல்: மின்தடைக்குப் பின் ஸ்மார்ட் பல்பைத் தேற்றும் முறைகள்

மறுஇணைப்பியல் என்பது, கரண்ட் போய் வந்த பிறகு சொன்ன பேச்சைக் கேட்காமல் எரிந்துகொண்டிருக்கும் ஸ்மார்ட் பல்புகளை மீண்டும் வழிக்குக் கொண்டுவருவதை ஆராயும் துறை. எரிவது வேறு, இணைந்திருப்பது வேறு என்பது இதன் முதல் கொள்கை. சாதாரணப் பல்புக்கு எரிதல், எரியாமை என இரண்டே நிலைகள். அவற்றை அறியக் கண் போதும். ஸ்மார்ட் பல்புக்கு நிலைகள் நான்கு. எரிந்து இணைந்திருப்பதும் எரியாமல் இணைந்திருப்பதும் அட்டைப்பெட்டியின் மேல் படமாகவே அச்சிடப்பட்டிருக்கும். எரியாமலும் இணையாமலும் இருப்பது எலக்ட்ரீஷியனின் எல்லைக்குள் வரும். அவர் வந்து ஹோல்டரைக் குறை சொல்வார். எஞ்சிய நிலை ஒன்று உண்டு. அறை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே, செயலியில் சாம்பல் நிறத்தில் ‘ஆஃப்லைன்’ என்று கிடப்பது. இதை வேறெந்தத் துறையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாததால் தனி இயல் ஒன்று வேண்டியதாயிற்று.

துறையின் தோற்றத்தை 2012ஆம் ஆண்டில் வைப்பது பொருந்தும். அந்த ஆண்டு செப்டம்பரில் லைஃப்எக்ஸ் என்ற வைஃபை பல்புக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டப்பட்டது. அக்டோபரில் பிலிப்ஸ் ஹியூ விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவின் வடக்கு மின்தொகுப்பு இரண்டு முறை சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கையும் வடகிழக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக, அறுபது கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றிக் கிடந்தது. தென்மண்டலத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைவில் இணைக்கப்படாமல் இருந்ததால் தமிழ்நாடு தப்பியது. தப்பியதைக் கொண்டாட இயலவில்லை. இங்கே மின்வெட்டு அந்த ஆண்டில் அன்றாட நடைமுறையாகவே இருந்தது. கைபேசியால் விளக்கை அணைக்கும் வழியை உலகின் ஒரு பகுதி கண்டுபிடித்த ஆண்டில், கைபேசி வெளிச்சத்தில் மெழுகுவத்தி தேடுவதில் தமிழ்நாடு தேர்ச்சி பெற்றது. இரண்டு அறிவுகளும் ஒரே வீட்டுக்குள் சந்திக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்தியச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது, இருபுறமும் முள் வைத்த பி22 மூடியுடைய, 9 அல்லது 12 வாட் வைஃபை பல்பு. பால்வெள்ளைக் கூட்டுக்குள் ஒரு எல்இடி தட்டு, 230 வோல்ட்டைத் தாங்கிக் குறைத்துத் தரும் டிரைவர், ரேடியோவும் நினைவகமும் சேர்ந்த சில்லு ஆகியவை இருக்கும். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த இஎஸ்பி8266 போன்ற மலிவான சில்லுகளே வைஃபையைப் பல்புக்குள் அடக்கும் அளவுக்கு விலையைக் கீழே இறக்கின. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் என்பதால் இந்தப் பல்பு 1,67,77,216 நிறங்களைக் காட்ட வல்லது. அவற்றுள் குடும்பங்கள் பயன்படுத்துவது வெள்ளை. வாங்கிய அன்று மாலை மட்டும் ஊதா.

வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் பல்பின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும்; கரண்ட் போனாலும் அவை அழிவதில்லை. ஆகவே ‘கரண்ட் போனதுல பல்பு எல்லாத்தையும் மறந்துடுச்சு’ என்று வீடுகளில் வழங்கும் விளக்கம் பெரும்பாலும் பிழை. பல்புக்கு யாரைத் தேட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். தேடிய நேரத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பல்பின் உடலமைப்பில் குறிப்பிடத்தக்கது, இல்லாத ஓர் உறுப்பு: பொத்தான். மோடத்தின் முதுகில் குண்டூசி நுழையும் அளவுக்காவது ஒரு துளை உண்டு. பல்புக்கு அதுவும் கிடையாது. செயலியோடு தொடர்பு அறுந்த பல்பிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் மின்சாரத்தைக் கொடுத்தும் எடுத்தும்தான் சொல்ல முடியும். எந்தச் சுவர் சுவிட்சைத் தேவையற்றதாக்குவதற்காக இந்தப் பல்பு படைக்கப்பட்டதோ, அந்தச் சுவிட்சின் மொழி ஒன்றே அதற்குக் கடைசிவரை புரியும் மொழி. அந்த மொழியில் இரண்டே எழுத்துகள் இருப்பதால் யார் வேண்டுமானாலும் பேசலாம். பேசுகிறோம் என்று தெரியாமலும் பேசிவிடலாம். மறுஇணைப்பியலின் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளைக்கிறது.

மின்தடைகளை இத்துறை பல்பின் நோக்கிலிருந்து வகைப்படுத்துகிறது. மாதாந்திரப் பராமரிப்புத் தடை ஒழுக்கமானது. முந்தைய நாளே துணை மின்நிலையத்தின் பெயரும் தெருக்களின் பட்டியலும் நாளிதழில் வந்துவிடும். காலை 9 மணிக்குப் போனால் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். தடை நீள நீளப் பல்புக்குக் கேடும் மிகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. இல்லாமல் போன நேரத்தைப் பல்பு உணர்வதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. பல்பின் கணக்கில் அதுவும் ஒரே ஓர் ‘ஆஃப்’தான்.

ஒரு ஃபேஸ் மட்டும் போவது சற்று நுட்பமானது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் மோடம் ஒரு ஃபேஸிலும் ஹால் பல்பு இன்னொன்றிலும் இருக்கும். மோடத்தின் ஃபேஸ் போய்விட்டால், ஹால் பல்பு தலைவர் இல்லாத கட்சி அலுவலகம்போல் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். யாராவது எழுந்து போய் ‘ஃபேஸ் மாத்திப் போடு’ம்போது அதுவரை ஒழுங்காயிருந்த படுக்கையறைப் பல்பும் ஒருமுறை அணைந்து எரியும். இன்வெர்ட்டர் வீடுகளிலும் நிலைமை இதுவே. வயரிங் செய்தவர் ஒவ்வோர் அறையிலும் ஒரு ஃபேனையும் ஒரு விளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருப்பார். அவர் காலத்தில் அந்த வீட்டில் மோடம் கிடையாது. பின்னால் வந்த மோடம், டிவிக்குப் பின்புறம் எங்கே பிளக் பாயின்ட் காலியாக இருந்ததோ அங்கே குடியேறியது. அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் பல்பு விழித்திருக்க, அது பேச வேண்டிய பெட்டி செத்துப்போகிறது.

கரண்ட் வந்தபின் நடப்பதைப் புரிந்துகொள்ள, எது முதலில் எழுகிறது என்று பார்க்க வேண்டும். பல்பு உடனே எரிந்துவிடும். அடுத்த சில விநாடிகளில் அதன் ரேடியோவும் எழுந்து வைஃபையைத் தேடத் தொடங்கும். மோடமோ எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்துச் சிக்னல் தர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சிக்னல் வந்த பிறகும் இன்டர்நெட் வந்திருக்காது. கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் வேறு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரலாம். அங்கே வரும்வரை மோடத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஆக, அழைப்பவர் முதலில் எழுந்துவிடுகிறார்; அழைக்கப்படுபவர் கடைசியாக எழுகிறார். நன்றாக எழுதப்பட்ட மென்பொருளுள்ள பல்பு கொஞ்சம் பொறுத்து மீண்டும் மீண்டும் தேடும். சிக்கனமாக எழுதப்பட்டது சிலமுறை தேடிவிட்டு, அடுத்த மின்தடைவரை அந்த எண்ணத்தையே விட்டுவிடும்.

காலக்குழப்பம் வேறு உண்டு. இத்தகைய பல்புகளில் கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரி இருப்பதில்லை. எழுந்ததும் பல்புக்குத் தெரிந்த நேரம், கணினிகள் எண்ணத் தொடங்கும் தொடக்கப்புள்ளியான 1970 ஜனவரி 1. இந்திய நேரப்படி காலை 5.30. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறி ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்கள் இருந்த நேரம் அது. மு. கருணாநிதி முதன்முறை முதலமைச்சராக இருந்த காலம். இன்டர்நெட்டிலுள்ள நேரச் சேவையகத்தை அணுகி உண்மையான நாளை அறியும்வரை பல்பு அங்கேயேதான் வாழ்கிறது. மாலை 6 மணிக்கு எரியச் சொல்லிவைத்த பல்பு எரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். எதிர்முனையின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் வழக்கமுள்ள கருவியாயின் சிக்கல் இன்னும் ஆழமாகும். சான்றிதழ் செல்லத் தொடங்கும் நாள் பல ஆண்டுகளுக்குப் பின்னால் இருப்பதாக அதற்குப் படும். எதிர்காலத்திலிருந்து வந்த தாளை ஏற்க மறுப்பதில் தவறேதும் இல்லை.

மோடம் எழுந்ததும் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் ஒரே நேரத்தில் அதை மொய்க்கும். பல்புகள், டிவி, கேமரா, ஏசி, கூடத்தில் பேசும் பெட்டி என எல்லாம் நீ முந்தி நான் முந்தி என்று அழைக்கையில் ஒன்றின் குரல் மற்றொன்றின் மேல் விழுந்து எதுவுமே கேட்காமல் போகும். ஒரே அலைவரிசையில் பலர் பேசினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய குழுவினரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட்டில் 1971இலேயே ஒரு விடையைச் செயல்படுத்தியிருந்தார்கள்: மோதிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். வைஃபையும் அந்த மரபில் வந்ததே. நேற்று முதலில் இணைந்த சமையலறைப் பல்பு இன்று கடைசியாக இணைவதற்குக் காரணம் இந்தத் தற்செயல்தான். அந்தப் பல்புக்கு ‘ராசி சரியில்லை’ என்ற கருத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இனி, இணையாமல் நிற்கும் பல்பை என்ன செய்வது? இதில் அறிஞர்கள் இரு பிரிவாக நிற்கின்றனர். ஜீவன் கடைத்தேறுவதில் அதன் முயற்சிக்குப் பங்குண்டா என்று வைணவப் பெரியோர் வாதிட்டபோது, தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை ஒரு தரப்பும், தாய் கவ்விச் செல்லச் சும்மா கிடக்கும் பூனைக்குட்டியை மறு தரப்பும் சான்று காட்டினார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்ற அந்தப் பாகுபாடு இங்கும் அப்படியே பொருந்துகிறது. மார்ஜார நெறியினர், பல்பைத் தொடாமல் மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாகும்வரை காத்து, மேலும் ஒரு காபி குடிக்கும் நேரம் பொறுத்தால் அருள் தானாக இறங்கும் என்பர். மர்க்கட நெறியினர், கரண்ட் வந்த அடுத்த நொடி சுவிட்ச் போர்டின் முன் நின்று தட்டத் தொடங்குபவர்கள்.

நடைமுறையில் மார்ஜார நெறியே பெரும்பாலும் வெல்கிறது. காத்திருந்தும் இணையாவிட்டால் ஒரே ஒருமுறை அணைத்து, சுமார் பத்து விநாடி விட்டுப் போடுவது போதும். இப்போது மோடம் எழுந்திருப்பதால் தேடிய ஆள் தேடிய இடத்தில் இருப்பார். ஆனால் காத்திருத்தல் என்பது வேலை செய்வதுபோல் தோற்றமளிக்காத வேலை. வீட்டில் நால்வர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஸ்மார்ட் பல்பை வாங்கிவந்தவர் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது சமூக அளவில் கடினம். ‘என்னமோ போன்லயே ஆஃப் பண்ணலாம்னியே’ என்ற ஒரு வாக்கியம் போதும், மார்ஜார நெறியில் ஊறியவரும் மர்க்கடத்துக்கு மாறிவிடுவார்.

தட்டுதலின் ஆபத்தை அறிய, மீட்டமைப்புச் சடங்கை அறிய வேண்டும். பொத்தான் இல்லாத பல்பைப் பிறந்த நிலைக்குக் கொண்டுபோகத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் வழி, சுவிட்சைக் குறிப்பிட்ட தாளத்தில் போட்டு அணைப்பது. இந்தியாவில் பல பிராண்டுகளின் பெயரில் விற்கும் பல்புகளுக்குள்ளே இருப்பது சீனாவின் ஹாங்சோவைச் சேர்ந்த துயா நிறுவனத்தின் தளம். அவ்வகையில் மூன்று முறை விரைந்து அணைத்துப் போட்டால் பல்பு படபடவென்று சிமிட்டும். பழைய வைஃபையை அது துறந்துவிட்டது என்று பொருள். லைஃப்எக்ஸுக்கு ஐந்து முறை. இவ்வகையின் உச்சம் அமெரிக்காவில் விற்ற சி பை ஜிஇ பல்பு. அதன் மீட்டமைப்பை விளக்கும் நிறுவனத்தின் காணொளி 2019இல் உலகம் முழுவதும் பார்க்கப்பட்டது. முதலில் ஐந்து விநாடியேனும் அணைத்துவைக்க வேண்டும். பிறகு எட்டு விநாடி எரியவிட்டு இரண்டு விநாடி அணைப்பதை ஐந்து முறை செய்ய வேண்டும். ஆறாவது முறை போட்டதும் மூன்று முறை சிமிட்டினால் வெற்றி. சிமிட்டாவிட்டால், பல்பில் இருப்பது மென்பொருளின் பழைய பதிப்பு. அதற்குத் தாளம் வேறு. இதைச் சொல்லும் குரலில் கடைசிவரை ஒரு சலனமும் இல்லை. தாளக்கட்டு தெரிந்தவர்களுக்கு இதில் இயல்பான அனுகூலம் உண்டு.

சடங்கின் உள்முறை எளியது. பல்பு ஒவ்வொரு முறை எழும்போதும் நினைவகத்தில் ஓர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். சில விநாடிகள் தொடர்ந்து எரிந்துவிட்டால், இது வழக்கமான விழிப்புதான் என்று எண்ணிக்கையைச் சுழியாக்கும். எரிந்ததும் அணைந்து, மறுபடி எரிந்ததும் அணைந்து, இப்படி எண்ணிக்கை வரம்பைத் தொட்டால், உரிமையாளர் தன்னை மறக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். யார் சொல்கிறார் என்று சோதிக்க அதற்கு வழியில்லை.

இந்தத் தாளத்தைத் தமிழ்நாட்டின் மின்கம்பிகள் இயல்பிலேயே அறிந்திருக்கின்றன. மழைக்காற்றில் தென்னை மட்டை உயரழுத்தக் கம்பியில் உரசினால் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழும். சற்றுப் பொறுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். மட்டை இன்னும் அங்கேயே இருந்தால் மறுபடி விழும். உரசல் பெரும்பாலும் கணநேரமே என்பதால், சில லைன்களில் இப்படிப் போட்டுப் பார்க்கும் வேலையைத் தானியங்கிக் கருவியே சில விநாடி இடைவெளியில் செய்துவிடும். தெரு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போட்டவுடன் அது பொரிந்து போவதும், ஜம்பர் கட்டாகிக் காற்றுக்குத் தொட்டுத் தொட்டு விலகுவதும் இதே வகை. வீட்டிலிருப்பவர்கள் ‘வந்துருச்சு… போச்சு… வந்துருச்சு… போச்சு’ என்று வர்ணனை செய்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில், கூரையில் தொங்கும் பல்பு அதை எண்ணிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது ‘வந்துருச்சு’வில் அது மீட்டமைப்பு நிலைக்குப் போய்ப் படபடக்கத் தொடங்கும். கம்பத்தின் மேல் நிற்கும் லைன்மேன், தான் எந்தத் தெருவின் எத்தனை பல்புகளை வைஃபையிலிருந்து விடுவித்தோம் என்பதை அறியாமலே இறங்கிவிடுகிறார். ஐந்து நாள் தடையைத் தாங்கிய பல்பு ஐந்து விநாடிச் சிமிட்டலில் வீழ்வது இதனால்தான். நீண்ட தடைகளைப் பற்றி மட்டும் முன்னறிவிப்பு வருவதும், இத்தகைய சிறுதடைகளைப் பற்றி வர இயலாததும் துறையின் நிலையான இடர்.

வீட்டுக்குள் நிகழும் தடைகளும் இங்கே சேரும். வெளியே கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது இந்தியக் குடும்பங்களின் நல்லொழுக்கம். மின்கட்டண அட்டையைப் பார்த்துக் கணக்கெழுதிய தலைமுறைக்கு அது கடமை. ஸ்மார்ட் பல்போ சுவிட்ச் எப்போதும் ‘ஆன்’ நிலையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. அணைந்திருக்கும்போதும் காது கொடுத்துக் காத்திருக்க அதற்குச் சிறிதளவு மின்சாரம் வேண்டும். பாட்டி இரவு ஒன்பதரை மணிக்கு அறை அறையாக வந்து சுவிட்சுகளை அணைக்கும்போது, பல்பின் நோக்கில், அந்தந்த அறையில் மின்தடை ஏற்படுகிறது. ‘இதை அணைக்காதீங்க பாட்டி, போன்ல அணைச்சாச்சு’ என்றால், ‘அணைச்ச லைட்டுக்கு எதுக்குடா சுவிட்சு போட்டிருக்கணும்?’ என்று திருப்பிக் கேட்பார். இந்தத் தடைக்கு விடை இலக்கியத்தில் இல்லை. சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டுவது நடைமுறையில் உள்ளது. அது துடைக்க வரும் அக்காவின் ஈரத்துணிக்கு அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. சுவிட்சை டக்டக்கென்று தட்டி விளையாடும் மூன்று வயதுக் குழந்தை, எந்தக் கையேட்டையும் படிக்காமல் முழு மீட்டமைப்பைச் செய்து முடிக்கக்கூடியது.

பல்பு படபடக்கத் தொடங்கிவிட்டால் இரு நெறிகளும் செல்லாது; புதிதாகச் சேர்ப்பது ஒன்றே வழி. கைபேசியில் லொகேஷன், புளூடூத் இரண்டுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்தவர் வெளியூரில் இருப்பார். இவ்வகைப் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசுபவை. கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க, மோடம் இரண்டையும் ஒரே பெயரில் தருமானால், பழைய முறைப்படி சேர்க்கும்போது இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்காமல் போவது உண்டு. மோடத்தின் அமைப்பில் 2.4க்குத் தனிப்பெயர் கொடுப்பது இதற்குத் தேர்ந்த மருந்து. படபடப்புக்குப் பதில் நிதானமாகச் சிமிட்டும் நிலை ஒன்றும் துயா வகையில் உண்டு. அதில் பல்பே ஒரு தற்காலிக வைஃபை ஆகிவிடும், கைபேசியை அதோடு நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். முதல் முறை பலிக்காத வீடுகளில் இது பலிக்கிறது.

மோடம் மாறிய வீட்டில் எல்லாப் பல்புகளும் ஒருசேர அனாதையாகும். புதிய மோடத்துக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் பெரும்பாலான பல்புகளுக்கு ஆள் மாறியதே தெரியாது. இந்த எளிய உபாயத்தைச் சொல்லும் வாய்ப்பு, மோடத்தை மாட்ட வருபவர் சம்பிரதாயமாகப் புதுப்பெயர் வைத்துவிட்டுப் போன பிறகே கிடைக்கிறது. பல்பு இணையாமல் போவதற்கு இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாதது. மீண்டெழும் மோடம் நெரிசல் குறைந்த சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும். அது 12ஆகவோ 13ஆகவோ அமைந்தால், அமெரிக்க வழக்கப்படி 11 வரை மட்டுமே தேடும் கருவிகளின் கண்ணுக்கு வீட்டு வைஃபை மறைந்துவிடும். கைபேசிக்குத் தெரியும், பல்புக்குத் தெரியாது. சேனலை 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றில் நிலைநிறுத்தினால் இந்த மாயம் தீரும்.

வைஃபை அல்லாத வழியொன்றும் உண்டு. பிலிப்ஸ் ஹியூ போன்றவை ஜிக்பீ முறையில் தமக்குள்ளேயே வலை பின்னிக்கொண்டு, மோடத்தோடு கம்பியால் இணைந்த ஒரு பிரிட்ஜ் பெட்டி வழியாகப் பேசுகின்றன. ஜிக்பீ என்பது தேனீக்கள் கூடு திரும்பியதும் ஆடும் ஆட்டத்திலிருந்து வந்த பெயர். கரண்ட் வந்ததும் பல்புகள் ஒன்றையொன்று கண்டுகொண்டு வலையைத் தாமே சரிசெய்யும். ஹியூ பல்பை சுவிட்சைத் தட்டி மீட்டமைக்கவும் முடியாது, ஆகவே தென்னை மட்டையின் சொல் அங்கே எடுபடாது. விலைதான் எடுபடும். இவற்றுக்கும் ஒரு காலத்தில் பெருங்குறை இருந்தது. போன கரண்ட் நள்ளிரவு 2 மணிக்குத் திரும்பினால், தூங்கப்போகுமுன் அணைத்த பல்புகள் அத்தனையும் முழு வெளிச்சத்தில் விழித்துக்கொள்ளும். சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதே, எரியத்தானே வேண்டும் என்பது பல்பின் தர்க்கம். மின்சாரம் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பயனரே முடிவுசெய்யும் வசதி ஹியூவுக்கு 2018 டிசம்பரில்தான் வந்தது. 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரம், பல நிறுவனங்களின் கருவிகளை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வைக்கிறது. இன்டர்நெட் திரும்பும்வரை காத்திருக்கும் தேவை அதனால் குறையும்.

வீட்டில் கரண்ட் இருந்தும் பல்பு இணையாமல் போகும் தருணங்களும் துறைக்குள் அடங்கும். குரலுக்குக் கட்டுப்படும் பல்புக்குப் போகும் கட்டளை பெரும்பாலும் கூடத்திலிருந்து கிளம்பி ஏதோ ஒரு நாட்டின் தரவு மையம்வரை போய்த் திரும்பி, ஆறடி தள்ளியிருக்கும் பல்புக்கு வருகிறது. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியத் தரவு மையங்களில் கோளாறு ஏற்பட்டபோது அலெக்ஸாவும் வீட்டுக் கேமராக்களும் தரை துடைக்கும் ரோபோக்களும் முடங்கின. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்திவிட, அவற்றை நம்பியிருந்த வீடுகளில் செயலிகள் செயலற்றுப்போயின. வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கியபின் சேவை திரும்பியது. பல்பை மறுபடி இணைக்கக் கம்பெனியையே வாங்கியது இத்துறையில் பதிவான மிகச் செலவான முறை.

தடுப்பு முறைகள் அவ்வளவு செலவு வைப்பதில்லை. மோடத்துக்கென்றே 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் பெட்டி கிடைக்கிறது. அல்லது மோடத்தை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றலாம். மோடம் விழித்தே இருந்தால், கரண்ட் வந்து பல்பு எழும்போது தேடும் ஆள் அங்கேயே இருக்கும். மேலே சொன்ன எழுச்சி வரிசைச் சிக்கலில் பாதி இதிலேயே ஒழியும். செயலியின் அமைப்பில் ‘மின்சாரம் வந்தால்’ என்ற இடத்தில் ‘கடைசி நிலை’ என்று தேர்ந்தெடுத்துக்கொள்வது நள்ளிரவு வெளிச்சத்தைத் தவிர்க்கும். துயா வகையில் ‘தொந்தரவு செய்யாதே’ என்றொரு விருப்பமும் உண்டு. அதைப் போட்டுவிட்டால், போன கரண்ட் திரும்பும்போது பல்பு எரியாமல் கிடக்கும். எரியவைக்க சுவிட்சை இருமுறை போட வேண்டும். இதைப் போட்டவர் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்லாமல் விட்டால், பல்பு ஃபியூஸ் போனதாக முடிவெடுத்து அதைக் கழற்றிவிடுவார்கள்.

மறுஇணைப்பு வெற்றியாக முடிந்த பிறகு ஓர் எச்சம் நிற்கும். பல்பை நீக்காமலே புதிதாகச் சேர்த்த சில வீடுகளில் பழைய ‘ஹால் லைட்’ சாம்பல் நிறத்தில் பட்டியலிலேயே தங்கிவிட, அதே பல்பு ‘ஹால் லைட் 2’ என்று இன்னொரு பிறவி எடுத்திருக்கும். மாலை ஆறு மணிக்கு எரியும்படி அமைத்த கட்டளைகள் பழைய பெயருக்கே போய்க்கொண்டிருக்கும். ஹால் லைட்டைப் போடச் சொன்னால், ஹால் லைட் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் இருப்பதாகவும் எது வேண்டும் என்றும் குரல் உதவியாளர் கேட்கும். பழையதைப் பல்பின் செயலியில் ஒருமுறையும் குரல் உதவியாளரின் செயலியில் ஒருமுறையும் நீக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நீக்கினால் மற்றதில் இருந்துகொண்டே இருக்கும். இரண்டிலும் நீக்கிய பிறகு ‘ஹால் லைட் 2’இலிருந்து ‘2’ஐ எடுத்துவிட்டு, கட்டளைகளைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.